கடைசிச் சுழி

நாலாம் கழியின் பதினோரு வருடக் கணக்கு
ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகிறது.
1.70. 2.60. 3.40.
கழி சாய்ந்து, வேறு துளையில் நட்ட வருடம் 0.10.
போன ஆகஸ்டில் 0.90.
தலைவிளக்கு வெளிச்சத்தில் அசில்கான்
விரலை மேலிருந்து கீழே இறக்குகிறாள்.
காய்ந்த கோடை, மூட்டமாய்ப் போன கோடை,
எதுவானாலும் வாலில் அதே சுழி.
பனி இவ்வளவு ஒழுங்காகவா உருகும்?

கூடாரத்துக்கு வெளியே தியான் ஷான் மலை
இருட்டில் எங்கோ ஒரு கல்லை உருட்டிவிடுகிறது.

காலையில் மண்டியிட்டாள்.
கழியைச் சுற்றி உருகிய குழியின் குறுக்கே
பலகையை வைத்தாள்.
பலகையிலிருந்து கழியின் நுனிவரை நாடா.
1.74.
எடுத்து வைத்து மறுபடி. 1.74.
மறுபடி. 1.75.
கோடுகள் இன்னும் நுணுக்கமாய் இருந்தன நாடாவில்;
அவள் அங்கே போகவில்லை.
மில்லிமீட்டர் நாடாவுக்கு உண்டு.
சொரசொரத்த இந்தப் பனிக்கு இல்லை.

என் மொழியில் ஓர் எழுத்தின் தலையில்
புள்ளி வைத்தால் அது மெய்யாகிவிடும்.
எண்ணுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.
புள்ளி வைத்த பிறகுதான்
ஒவ்வோர் இலக்கத்துக்கும் சாட்சி தேவைப்படுகிறது.

சகின்பெக்கிடம் கேட்டாள்.
பதினோரு வருடமும் அளந்தது அவர்தான்.
குதிரையின் முதுகிலிருந்து சேணத்தை இறக்கிவிட்டு,
பைக்குள் கைவிட்டுப் பழைய நாடாவை எடுத்துக் கொடுத்தார்.
பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு.
நடுவே இருந்தவை தேய்ந்து வெறும் துணி.

"படிவத்தில் மூன்று கட்டம்.
ஒன்றைக் காலியாய் விட்டேன், முதல் வருடம்.
பிஷ்கெக்கிலிருந்து திரும்பி வந்தது.
சம்பளமும் அதோடு நின்றது.
சுழி ஒன்றுமில்லைதானே என்று நினைத்தேன்."

ஒன்றுமில்லைதான்.
2.6-க்கும் 2.60-க்கும் இடையே
ஒரு துளி பனி கூடாது, குறையாது.
ஆனால் முதலாவது, ‘ஏறக்குறைய’ என்கிறது.
இரண்டாவது, ‘குனிந்து பார்த்தேன்’ என்கிறது.

அவள் கோபப்படவில்லை என்று எழுத ஆசைதான்.
கோபப்பட்டாள்.
தேநீர் ஆறும்வரை பேசவில்லை.
பிறகு ஒவ்வொரு வருடத்தின் வாலிலும்
பென்சிலால் ஒரு கோடு இழுத்து,
ஓரத்தில் எழுதினாள்:
நாடா தேய்ந்தது; ஓர் இலக்கம் நம்பத் தகாது.

அப்புறம் கழித்தாள்.
1.74-இலிருந்து 0.9.
0.84 என்று ஒளிர்ந்தது கணிப்பான்.
அதற்கென்ன, அது பனியில் மண்டியிட்டதா?
முரட்டு எண்ணோடு சேர்ந்த நுட்ப எண்ணும்
முரட்டு எண்ணின் வாசல்வரைதான் வரும்.
0.8 என்று எழுதினாள்.
முழங்கால் இன்னும் மரத்திருந்தது,
அந்த நாலுக்காக.

மாலை, செயற்கைக்கோள் தொலைபேசியில் அலுவலகம்:
"எட்டு மட்டுமா? அசிரத்தையாய்த் தெரியுமே.
மற்ற பனியாறுகளுக்கெல்லாம் இரண்டு இலக்கம் வந்திருக்கிறது."
"தெரியட்டும்" என்றாள்.
காற்றா, அவர்களா, யாரோ துண்டித்தார்கள்.

1.74 படிவத்தில் அப்படியே இருக்கிறது.
இந்த வருடம் அதற்கு வேலையில்லை.
அடுத்த ஆகஸ்டில் யாரேனும் வந்து
இரண்டாம் இலக்கம்வரை பார்த்தால்,
கழிக்க ஓர் எண் காத்திருக்கும்.

ஐந்தாம் கழியில் புது நாடாவை
சகின்பெக்கிடம் கொடுத்தாள்.
கண்ணாடியைத் துடைத்தார். ஒரு கண்ணை மூடினார்.
"இரண்டு... ஒன்று...
இது மூன்றா, நாலா, சொல்லத் தெரியவில்லை."
"அதையே சொல்லுங்கள். கடைசி இலக்கத்துக்கு
அந்தச் சலுகை உண்டு."

வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.
குதிரை பொறுமையிழந்து தலையை உதறியது.
"மூன்று" என்றார்,
கொஞ்சம் சந்தேகத்தோடு.